விலக்கின் பொருள்: கலிபோர்னிய விடுகைப் பரீட்சை பற்றிய ஒரு நோக்கு

பரீட்சையிற் சித்தியடையாமையால் மாணவர் தடைப்பட்டு நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். தோற்றுவதற்குப் பரீட்சையே இல்லாமையால் மாணவர் தடைப்பட்டு நிற்பது அரிது. 2015ஆம் ஆண்டுக் கோடையில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்தில் அது நிகழ்ந்தது. உயர்நிலைப் பாடசாலைக் கல்வியை முடிப்போர் மாநிலப் பரீட்சை ஒன்றிற் சித்தியடைந்தாலன்றிச் சான்றிதழ் பெறலாகாது என்ற சட்டம் அப்பொழுது அங்கு நடைமுறையில் இருந்தது. அவ்வாண்டு யூலையில் நடைபெறவேண்டிய பரீட்சை இரத்துச் செய்யப்பட்டது. பரீட்சையை நடத்திய நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிவுற்றிருந்தது. பரீட்சையை இடைநிறுத்துவதற்கான சட்டமூலம் ஒன்று சட்டசபையின் முன் கிடந்தது. பரீட்சை போயிற்று, அதனைக் கட்டாயமாக்கிய சட்டம் போகவில்லை. ஏனைய பாடத் தேவைகள் யாவற்றையும் நிறைவுசெய்த ஏறத்தாழ 5,000 மாணவர், முன்னர் தவறவிட்ட இவ்வொரு பரீட்சைக்கு மீண்டும் தோற்றும் வழியின்றி நின்றனர். பல்கலைக்கழக அனுமதி பெற்றிருந்தோரும் அவர்களுட் சிலர்.

ஓகஸ்ட் 26ஆந் திகதி ஆளுநர் ஜெரி பிரௌன் அவசரச் சட்டமூலம் ஒன்றிற் கையொப்பமிட்டு அம்மாணவருக்கு விலக்களித்தார். சிக்கல் தீர்ந்தது எனலாம். எனினும், ஒரு கையொப்பத்தால் நீங்கக்கூடிய அத்தேவை, முந்திய ஒன்பது ஆண்டுகளாக எதனை அளந்தது, எவர் பொருட்டு அளந்தது என்ற ஐயம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. விடுகைப் பரீட்சைகள் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வினாத்தாளையும் பெறுபேறுகளையும் நோக்குவர். யார் யாருக்கு, எவ்வாறு, எக்காரணங் கூறி விலக்களிக்கப்பட்டது என்பதை நோக்கினால் அப்பரீட்சையின் இயல்பு இன்னுந் தெளிவாகத் தெரியும் என்பது என் கருத்து. இக்கட்டுரை அவ்வழியே செல்ல முனைகிறது.

நம்மவர்க்கு இவ்விடத்து ஒரு விளக்கம் வேண்டும். இலங்கையிற் பரீட்சைத் திணைக்களம் வழங்கும் க.பொ.த. சான்றிதழ் வேறு, பாடசாலை அதிபர் கையொப்பமிட்டுத் தரும் விடுகைப் பத்திரம் வேறு. சாதாரண தரத்தில் ஒரு பாடத்திலேனும் சித்தியடையாத மாணவனும், தான் இன்ன வகுப்புவரை கற்றவன் எனக் கூறும் பத்திரத்துடன் பாடசாலையை விட்டு வெளியேறலாம். அமெரிக்காவில் உள்ளூர்ப் பாடசாலை நிர்வாகம் வழங்கும் டிப்ளோமாவே இவ்விரு பணியையும் ஆற்றுகிறது. வகுப்புத்தோறும் ஆசிரியர் இடும் புள்ளிகள் அதற்கு ஆதாரம். அவற்றின் மேல் மாநில அரசு பொதுப் பரீட்சை ஒன்றை ஏற்றி, அதிற் சித்தியடையாதவனுக்கு டிப்ளோமா இல்லை என விதிக்கும்பொழுது அது விடுகைப் பரீட்சையாகிறது. பன்னிரண்டாண்டு கற்றதன் சாட்சியம் முழுவதும் அந்த ஒரு பூட்டின் பின்னே வைக்கப்பட்டுவிடுகிறது. நியூ யோர்க்கின் ரீஜன்ட்ஸ் பரீட்சைகளைப் போலப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வருபவை சில உண்டு. ஆயினும் டிப்ளோமாவைப் பரீட்சையின் பிணையாக்கும் போக்கு மாநிலம் மாநிலமாகப் பரவியது 1970களின் பிற்பகுதியிலேயே.

விலக்கு என்ற சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஆங்கிலத்தில் ‘வேய்வர்’ எனப்படுவதைத் தமிழிற் சொல்வதில் இடர்ப்பாடு உண்டு. சலுகை என்றால் மேலிருப்பவர் இரங்கிக் கொடுப்பது என்ற பொருள் வந்து சேர்ந்துவிடுகிறது. விலக்கு என்றாலோ விதியின் எல்லைக்கு வெளியே நிற்றல் என்றாகும். சட்டவழக்கில் அந்த ஆங்கிலச்சொல் உணர்த்துவது, தனக்குரிய உரிமை ஒன்றை உரிமையாளன் தானே கைவிடுவதை. அப்படியாயின், பரீட்சைத் தேவையை மாநிலம் ஒருவருக்குக் கைவிடும்பொழுது, அதனைக் கோரும் உரிமை மாநிலத்திடம் ஏலவே இருந்தது என்பது சொல்லாமலே நிலைநாட்டப்பட்டுவிடுகிறது. அவ்வுரிமை எங்கிருந்து வந்தது? கற்பிக்கும் கடமையை நிறைவேற்றியவனுக்கே கற்றாயா எனக் கேட்கும் உரிமை உண்டு என்பது பொதுவறிவு. கலிபோர்னியாவின் சட்டம் அவ்வாறு எண்ணவில்லை என்பதைக் காண 1976ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டு கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில் வழக்காளி பீற்றர் டபிள்யூ. என்ற மறைபெயரால் அழைக்கப்பட்ட 18 வயது இளைஞன். சான் பிரான்சிஸ்கோ நகரப் பாடசாலைகளிற் பயின்று டிப்ளோமாவும் பெற்று வெளியேறியவன். அவனது வாசிப்புத் திறனோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அளவினது. தன்னைக் கற்பிக்கவேண்டிய கடமையிற் பாடசாலை அசட்டையாக இருந்தது, அதனால் உழைக்கும் வாய்ப்பை இழந்தேன் என்பது அவன் முறைப்பாடு. நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. அது கூறிய காரணங்கள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. எது தக்க கற்பித்தல் என்பதற்கு எல்லோரும் ஒப்பும் அளவுகோல் இல்லை. ஒரு பிள்ளை வாசிக்க அறியாமைக்கு உடல், உளம், வீடு, சூழல், பண்பாடு எனப் பாடசாலைக்குப் புறம்பான காரணங்கள் பல இருக்கலாம். அவற்றிலிருந்து ஆசிரியரின் தவறைப் பிரித்தெடுத்தல் இயலாது. இத்தகைய கடமையை ஒருமுறை ஒப்புக்கொண்டால் எண்ணற்ற வழக்குகளின் பாரத்தைப் பாடசாலைகள் சுமக்க நேரிடும். ஆகவே சட்டத்தின் கண்ணில் அத்தகைய கடமை இல்லை.

இத்தீர்ப்பை முதன்முதல் வாசிக்கும் ஒருவர் அதன் நிதானத்தை மெச்சவே செய்வார். நானும் மெச்சினேன். கல்வி என்பது ஆசிரியன் ஊற்ற மாணவன் ஏற்கும் பொருளன்று. அதில் ஏற்படும் தோல்விக்கு ஒரே பொறுப்பாளியைத் தேடுவது பேதைமை என்ற உண்மை அதில் இருக்கிறது. ஆனால் 23 ஆண்டுகளின் பின்னர், 1999இல், அதே மாநிலம் விடுகைப் பரீட்சைச் சட்டத்தை இயற்றியபொழுது இவ்வுண்மை எங்கே போயிற்று? வாசிக்க அறியாமையின் காரணங்களைப் பிரித்தறிய முடியாதென நீதிமன்றம் கூறிற்று. சட்டசபை பிரித்தறிய முயலவே இல்லை. காரணம் எதுவாயினும் அதன் விளைவை ஏற்பவன் மாணவன் என முடிவு செய்தது. பாடசாலைக்குக் கற்பிக்கும் கடமை இல்லை, மாணவனுக்குக் கற்றிருக்கும் கடமை உண்டு என்ற நிலை அவ்வாறே உண்டாயிற்று. இரு கடமைகளும் ஒன்றையொன்று காணாமலே ஒரே சட்டப்புத்தகத்தில் வாழ்ந்தன.

அவை ஒன்றையொன்று காணவேண்டும் என வற்புறுத்திய நீதிமன்றம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வேறொரு மாநிலத்து வழக்கு. எனினும் இப்பொருள் பற்றிப் பேசுவோர் எவரும் அதனைத் தவிர்க்க முடியாது. புளோரிடா மாநிலம் 1978இல், வாழ்க்கைக்கு வேண்டிய எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதிக்கும் பரீட்சையிற் சித்தியடையாதோர்க்கு டிப்ளோமா இல்லை எனச் சட்டமியற்றிற்று. 1979இல் வெளியேறுவோரே அதற்கு முதலிற் கட்டுப்பட்டோர். முதன்முறை பரீட்சை நடந்தபொழுது கறுப்பின மாணவருள் 78 சதவீதத்தினர் சித்தியடையவில்லை. வெள்ளையின மாணவருள் அவ்வாறு தவறியோர் 25 சதவீதத்தினர். மீண்டும் மீண்டும் தோற்றியபின்னரும் கறுப்பினத்தவரின் தோல்வி வீதம் வெள்ளையினத்தவரின் வீதத்தைப்போல ஏறத்தாழப் பத்து மடங்காக இருந்தது. டெப்ரா பி. என்ற மறைபெயருடைய மாணவியும் பிறரும் மாநிலக் கல்வி ஆணையாளர் ரேர்லிங்ரனுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர்.

1979இல் நீதிபதி ஜோர்ஜ் கார் அளித்த தீர்ப்பின் உயிர்நாடி ஓர் எளிய கணக்கு. 1979இற் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பவன் முதலாம் வகுப்பிற் சேர்ந்தது 1967இல். புளோரிடாவின் பாடசாலைகள் இனவாரியாகப் பிரிந்திருந்த நிலை 1971வரை முற்றாக நீங்கவில்லை. எழுத்துக் கூட்டவும் கூட்டல் கழித்தல் செய்யவும் பழகும் பருவத்தை, அரசே ஒதுக்கிவைத்த தாழ்ந்த பாடசாலையிற் கழித்த பிள்ளையிடம், அரசே வந்து நீ எழுத்தறிந்தவனா எனக் கேட்பதா? பிரிவினைக் காலத்திற் பயின்ற பிள்ளைகள் பாடசாலையைக் கடந்து செல்லும்வரை, அதாவது 1982-83ஆம் கல்வியாண்டுவரை, டிப்ளோமாவைப் பரீட்சையோடு பிணைத்தலாகாது என அவர் தடைவிதித்தார். 1981இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. மாநிலம் தான் சோதிப்பதைத் தன் வகுப்பறைகளிற் கற்பித்தது என நிறுவினாலன்றி, அப்பரீட்சையைக் காரணங்காட்டி டிப்ளோமாவை மறுக்கலாகாது என்றது. பீற்றர் டபிள்யூ. தீர்ப்பு பிரித்துவைத்த இரு கடமைகளும் இங்கே ஒரு கணம் ஒன்றையொன்று சந்தித்தன.

அச்சந்திப்பு நீடிக்கவில்லை. மாநிலம் தன் வகுப்பறைகளில் ஆய்வு நடத்திற்று. ஆசிரியர்களிடம், இத்திறன்களைக் கற்பித்தீர்களா எனக் கேட்கப்பட்டது, மாவட்டங்களிடம் அறிக்கை பெறப்பட்டது, மாணவரிடமும் வினவப்பட்டது. பாடவிதானத்தில் அத்திறன்கள் இடம்பெற்றுள்ளன என்ற விடை வந்தது, நீதிமன்றம் அதனை ஏற்றது, 1984இல் மேன்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று, பரீட்சை மீண்டது. கற்பிக்கப்பட்டதா என்ற கேள்வி, கற்பிக்கப்படவேண்டியவற்றின் பட்டியலில் இருந்ததா என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். வகுப்பறையில் ஒருநாளேனும் நின்றவர் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அறிவார். அத்தூரத்திற்றான் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள்.

கலிபோர்னியாவுக்கு மீள்வோம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சட்டசபையிற் கொணர்ந்தவர் ஜாக் ஓகொனல். பின்னர் அவரே மாநிலக் கல்வி அத்தியட்சகரானார். பரீட்சைக்கு எதிரான வழக்குகளில் எதிராளியாக நின்றவரும் அவரே. பரீட்சை இரண்டு பகுதிகளை உடையது. ஆங்கிலப் பகுதி பத்தாம் வகுப்புவரையுள்ள தரத்தினது. கணிதப் பகுதி ஆறாம், ஏழாம் வகுப்புகளின் கணிதத்துடன் தொடக்க நிலை அட்சரகணிதத்தையும் கொண்டது. பத்தாம் வகுப்பில் முதன்முறை தோற்றுவர். தவறினால் அடுத்த ஈராண்டிலும் பல வாய்ப்புகள் உண்டு. 2004இல் வெளியேறுவோர்க்கே முதலிற் கட்டாயமாக இருந்தது. பின்னர் 2006ஆம் ஆண்டினர்க்கெனப் பிற்போடப்பட்டது. பிற்போடலும் ஒருவகை விலக்கே. ஆயத்தமின்மையை மாநிலம் ஒப்புக்கொண்ட முதற் சந்தர்ப்பம் அது.

இனி, சட்டத்திலேயே எழுதப்பட்ட விலக்கைக் காண்போம். அது மாற்றுத்திறனாளிகளான மாணவர்க்குரியது. சில மாணவர்க்கு எண்களைக் கையாளும் ஆற்றலிற் பிறவியிலேயே குறையுண்டு. அவர்கள் வகுப்பறையிற் கணிகருவியின் துணையுடன் கற்பர். வேறு சிலர் எழுத்தை வாசிக்க இடர்ப்படுவர். அவர்க்குப் பாடம் உரத்து வாசித்துக் காட்டப்படும். பரீட்சையிலும் அத்துணை அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. ஆனால் கணிகருவியுடன் கணிதப் பகுதியை எழுதியவன் சித்திப் புள்ளியைப் பெற்றாலும், கருவியின் துணை பரீட்சை அளக்கும் பொருளையே மாற்றிவிட்டது என்ற காரணத்தால் அது சித்தியெனக் கொள்ளப்படுவதில்லை. அதன்பின் பெற்றார் விலக்குக் கோரவேண்டும். அதிபர் கோரிக்கையை உள்ளூர்க் கல்விச் சபைக்கு அனுப்பவேண்டும். அத்துணை அம்மாணவனின் தனிக் கல்வித் திட்டத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். தேவையான பாடங்களை அவன் கற்றிருத்தல் வேண்டும். துணையுடன் எழுதிய பரீட்சையிற் சித்திக்குச் சமமான புள்ளியும் பெற்றிருத்தல் வேண்டும்.

இறுதி நிபந்தனையைச் சற்று நின்று நோக்குக. விலக்குப் பெறுதற்குத் தகுதி பரீட்சையிற் சித்தியடைதலே! சித்தியடைந்தவனை முதலிற் சித்தியடையாதவனாக்கி, பின்னர் இரந்து நிற்கவைத்து, அதன்பின் சித்தியடைந்தவனாக்கும் இச்சடங்கினாற் பயன் யாது? இதனை எவரும் வன்மனத்தோடு வகுத்திருக்கமாட்டார்கள். பரீட்சையின் புனிதங் கெடாது பிள்ளைக்கும் இரங்கவேண்டும் என்ற இரு விருப்பங்களின் நடுவே பிறந்த விதி அது. ஆயின் பரீட்சை அளப்பது எதனை என்ற கேள்விக்கு மாநிலத்திடம் விடை இல்லை என்பதை இவ்விதியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கணிதச் சிந்தனையை அளப்பதாயின் கணிகருவி அதனைக் கெடுக்காது; கைக்கணக்கை அளப்பதாயின், கைக்கணக்கு அறியாதவனுக்கு விலக்களித்து டிப்ளோமா கொடுத்தமைக்கு நியாயம் இல்லை. விலக்கைக் கோரத் தெரிந்த பெற்றார், கோரிக்கையை அனுப்பும் அக்கறையுள்ள அதிபர், கனிவுள்ள சபை என்ற மூன்றும் ஒருங்கே வாய்த்த பிள்ளைக்கே இவ்வழி உண்மையில் திறந்திருந்திருக்கும் என்பதையும் ஊகித்தறியலாம். 2006, 2007ஆம் ஆண்டினருக்குத் தனிச் சட்டங்கள் மூலமும், பின்னர் 2009இற் பொதுவாகவும், மாற்றுத்திறனாளிகள் இத்தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். முன்னைய விதி தாங்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொள்ளாத மாணவர்க்கோ இத்தகைய விலக்கு எதுவும் இருக்கவில்லை. பரீட்சை ஆங்கிலத்திலேயே நடந்தது. கணிதப் பகுதியும் அவ்வாறே. வீட்டில் ஸ்பானிய மொழி பேசி, அட்சரகணிதத்தை அறிந்து, வினாவின் வாக்கியத்தில் இடறி விழுந்த மாணவன் கணிதந் தெரியாதவன் எனவே பதிவாகியிருப்பான். ஒரு மொழியின் அறிவு மற்றோர் அறிவின் வேடத்தில் அளக்கப்படுவதன் வேதனையை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இம்மாணவரின் நிலையே 2006இல் வழக்காயிற்று. அவ்வாண்டு வசந்தத்தில், பன்னிரண்டாம் வகுப்பினருள் ஏறத்தாழ 47,000 பேர் இன்னும் சித்தியடையாதிருந்தனர். ஆங்கிலம் பயிலும் மாணவரும் வறிய பாடசாலைகளின் மாணவரும், சோதிக்கப்படும் பொருளைக் கற்பதற்குச் சமவாய்ப்புப் பெறவில்லை என்பது வாதம். மே 12ஆந் திகதி கீழ்நீதிமன்றம் அவர்கள் சார்பாகத் தடையுத்தரவு பிறப்பித்தது. மே 24ஆந் திகதி மாநில உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்திற்று. பாடசாலைகளில் விடுகை விழாக்கள் நடைபெறும் பருவம் அது. பன்னிரண்டு நாள் டிப்ளோமா பெற்றவர்போல் இருந்து மீண்டும் பெறாதவராயினர். ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தடையுத்தரவை முற்றாக நீக்கிற்று. கற்பிக்கப்படாமை என்ற குறைக்குப் பரிகாரம் டிப்ளோமாவைக் கொடுத்தல் அன்று, கற்பித்தலே என்பது அதன் தீர்ப்பின் சாரம்.

எனக்கு மிகவும் சங்கடந் தந்த தீர்ப்பு இதுவே. ஏனெனில் அது கூறியது சரி. வாசிக்கத் தெரியாதவன் கையில் வாசிக்கத் தெரிந்தவன் என்ற பத்திரத்தைத் திணிப்பது நீதியாகாது. பரீட்சையை ஆதரித்தோர் அனைவரும் வறியோரின் பகைவரும் அல்லர். அவர்களின் தலைசிறந்த சாட்சி பீற்றர் டபிள்யூ.வே. பரீட்சை இல்லாத காலத்தில் அவனுக்கு டிப்ளோமா கொடுத்த பாடசாலை அவனை ஏமாற்றிற்று. வாயிலில் ஒரு சோதனை இருந்திருந்தால் ஏமாற்று வெளிப்பட்டிருக்கும். கலிபோர்னியாவின் பரீட்சையாலும் நன்மை எதுவும் விளையவில்லை எனச் சொல்லிவிட முடியாது. பின்தங்கிய மாணவரை யார் எனப் பாடசாலைகள் பத்தாம் வகுப்பிலேயே அறியவேண்டி வந்தது. மேற்குறித்த வழக்கின் முடிவாக 2007இல் வந்த சட்டம், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின்னரும் சித்தியடையாதோர்க்கு மேலும் ஈராண்டு கற்பிக்க வழிசெய்தது. பின்னைய ஆண்டுகளிற் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சித்தியெய்தினர்.

எனினும் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஷான் ரியர்டனும் அவர்தம் துணை ஆய்வாளரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இப்பரீட்சை மாணவரின் கல்வி அடைவை உயர்த்தியமைக்குச் சான்று காணவில்லை. தாழ்ந்த புள்ளி பெறுவோரிடையே, சிறுபான்மையினரும் பெண்களுமான மாணவர் டிப்ளோமா பெறும் வீதம் வீழ்ந்ததை அது கண்டது. முன்னைய பரீட்சைகளிற் சமபுள்ளி பெற்ற வெள்ளையின மாணவரை அவ்வீழ்ச்சி அவ்வாறு தாக்கவில்லை. அதாவது, சமமான அறிவுடைய இருவரைப் பரீட்சை சமமாக நடத்தவில்லை. அளவுகோல் ஒன்றின்மீது இதனினும் கடுமையான குற்றச்சாட்டு இருக்க முடியாது.

விலக்குகளுட் சிறந்தது எது எனக் கேட்டால் டெக்சாஸ் மாநிலம் 2015இல் வகுத்ததைச் சுட்டுவேன். அங்குத் தேவையான ஐந்து பரீட்சைகளுள் இரண்டுவரை தவறிய மாணவனுக்கென ஒரு குழு கூடும். அதிபர், அப்பாடத்தின் ஆசிரியர், துறைத்தலைவர், பெற்றார் ஆகியோர் அதில் அமர்வர். மாணவன் செய்த வேறு ஆக்கங்களையும் அவனது வகுப்புப் பெறுபேறுகளையும் நோக்கி அவர்கள் ஒருமனதாக முடிவெடுத்தால் அவன் டிப்ளோமா பெறலாம். பிள்ளையின் முகத்தை அறிந்தவர்கள் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கிறார்கள் என்ற அளவில் இது பாராட்டத்தக்கது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க: ஆசிரியரின் கணிப்பை நம்ப முடியாது என்றுதானே பரீட்சை கொண்டுவரப்பட்டது? பரீட்சை தவறும் இடத்தில் மீண்டும் ஆசிரியரின் கணிப்பிடமே சென்று நிற்கவேண்டியிருக்கிறது. நடுவே கழிந்த ஆண்டுகளுக்கும் செலவுக்கும் யார் கணக்குச் சொல்வது?

2015 ஒக்டோபரிற் கலிபோர்னியா இறுதி விலக்கை அளித்தது. ஏழாந் திகதி கையொப்பமான சட்டம் பரீட்சையை மூன்று கல்வியாண்டுகளுக்கு இடைநிறுத்திற்று. அத்துடன் நில்லாது, 2003-04ஆம் கல்வியாண்டு தொடக்கம் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, ஏனைய தேவைகளை நிறைவேற்றி, இப்பரீட்சை ஒன்றினால் மட்டும் தடைப்பட்ட அனைவர்க்கும் டிப்ளோமா வழங்குமாறு பணித்தது. 2017இல் இன்னொரு சட்டம் பரீட்சையை அடியோடு நீக்கிற்று. மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலும் இவ்வகைத் தேவையை 2024 நவம்பரில் வாக்காளரே நீக்கினர். பின்னோக்கிச் செல்லும் இவ்விலக்கு சட்டவரலாற்றில் வியப்புக்குரியது. கொடுத்த தண்டனையைக் குறைத்தலன்று இது. குற்றமே நிகழவில்லை எனக் கூறுதல். ஆனால் அச்சட்டம் மன்னிப்புக் கேட்கவில்லை. தவறு எது என்றும் சொல்லவில்லை. டிப்ளோமா இன்மையால் வேலை மறுக்கப்பட்ட ஆண்டுகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இதற்கு இரு மாதம் முன்னரே ஒரு நகரம் மாநிலத்தை முந்திக்கொண்டது. 2015 ஓகஸ்டில், ஆளுநரின் கையொப்பத்துக்குக் காத்திராமல், சட்டத்தின் தேவை நிலுவையில் இருக்கும்பொழுதே, தன் மாணவர்க்கு டிப்ளோமா வழங்குவதெனச் சான் பிரான்சிஸ்கோவின் கல்விச் சபை தீர்மானித்தது. துணிவான செயல், போற்றவே வேண்டும். ஆனால் பீற்றர் டபிள்யூ.வின் நகரமும் அதுவே. 1976இல் அந்நகரின் பாடசாலை நிர்வாகம் நீதிமன்றத்தில், டிப்ளோமா கொடுத்தோம், வாசிக்கக் கற்பிக்கும் கடமை சட்டப்படி எமக்கில்லை என வாதாடி வென்றது. அத்தீர்ப்பை 1999ஆம் ஆண்டுச் சட்டமும் தொடவில்லை, 2015ஆம் ஆண்டுச் சட்டமும் தொடவில்லை.

2006இல் டிப்ளோமா கேட்டு வந்த மாணவரை நோக்கி, உங்களுக்குரிய பரிகாரம் டிப்ளோமா அன்று, கற்பித்தலே என்றது நீதிமன்றம். 2015இற் சட்டசபை அவர்களுக்கு டிப்ளோமாவைக் கொடுத்தது. கற்பித்தலைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை. அன்று 18 வயதினராயிருந்தோர்க்கு அப்பொழுது 27 வயது நடந்துகொண்டிருந்தது.